யார் முன்னால், யார் பின்னால்? சர்வரில் ஒரு பட்டியலை வரிசைப்படுத்துவது

மொரீஷியஸில் இருப்பவர்கள் பர்ஸிலிருந்து ஒரு நூறு ரூபாய் நோட்டை எடுத்துப் பாருங்கள். ரெங்கநாதன் சீனிவாசன் படம் போட்ட நோட்டு. மதிப்பு மூன்று மொழிகளில் இருக்கும்: ஆங்கிலம், அடுத்து தமிழ், அப்புறம் இந்தி. 1998 நவம்பரில் வெளியான நோட்டுகளில் தமிழும் இந்தியும் இடம் மாறி வந்துவிட்டன. மூன்று மொழியும் இருந்தன, எதுவும் விடுபடவில்லை. ஆனாலும் தமிழர்கள் சும்மா இருக்கவில்லை. எதிர்ப்பு வலுத்து, கடைசியில் அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்றார்கள். 1999 என்று ஆண்டு போட்ட நோட்டுகளில் பழைய வரிசை திரும்பி வந்தது.

வரிசைப்படுத்துவது கம்ப்யூட்டர் பாடத்தில் ஒரு சின்ன அத்தியாயம்போலத் தெரியும். ஒரு ஃபங்ஷனைக் கூப்பிட்டால் வேலை முடிந்தது என்பார்கள். தைப்பூசக் காவடிக்குப் பெயர் கொடுத்தவர்களின் பட்டியலை ஒரு வெப் பக்கத்தில் போட்டுப் பாருங்கள், அப்போது தெரியும். யார் பெயர் மேலே, யார் பெயர் கீழே என்று முதல் நாளே போன் வரும். எனக்கு வந்தது.

எங்கள் ஊர்க் கோவிலுக்கு அந்தப் பக்கத்தைச் செய்து கொடுத்தவன் நான். நானூறு பேருக்குக் கொஞ்சம் குறைவான பட்டியல். அதில் செய்யாத தப்பு இல்லை. இப்போது பிஎச்பி (சர்வரில் ஓடி வெப் பக்கங்களை உருவாக்கும் கம்ப்யூட்டர் மொழி) பழக வரும் பிள்ளைகளுக்கு அதே பட்டியலை வைத்துத்தான் சொல்லிக் கொடுக்கிறேன், இங்கேயும் அதுதான் உதாரணம். பிஎச்பியின் சொற்களை அவற்றின் ஒலிப்படி எழுதுகிறேன், நீங்கள் அடிக்கும்போது ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள். மாறிகளுக்கு, அதாவது மதிப்புகளைப் போட்டு வைக்கும் பெட்டிகளுக்கு, மட்டும் தமிழிலேயே பெயர் வைக்கலாம். பிஎச்பி அதை மறுப்பதில்லை, $அடியார்கள் என்று எழுதினால் அப்படியே ஏற்றுக்கொள்ளும்.

அடுக்கும் வேலை நடப்பது மெமரியில். ஆகவே முதலில் மெமரி என்றால் என்ன என்பதைப் பார்த்துவிடுவோம். ஒருவர் போனில் பக்கத்தைத் திறந்ததும் சர்வரில், அதாவது பக்கத்தை அனுப்பும் கம்ப்யூட்டரில், உங்கள் ஸ்கிரிப்ட் (நீங்கள் எழுதிய நிரல்) ஓட ஆரம்பிக்கிறது. கோப்பைப் படிக்கிறது, வரிகளை மெமரியில் ஒரு அரேயாக, அதாவது பல மதிப்புகள் கொண்ட பட்டியலாக, அடுக்கிக்கொள்கிறது, பிரவுசர் படித்துக் காட்டும் எச்டிஎம்எல் ஆக மாற்றி அனுப்புகிறது, முடிந்துபோகிறது. முடிந்ததும் அந்த அரேயும் போய்விடும். அடுத்தவர் திறந்தால் எல்லாம் முதலிலிருந்து. காவடி முடிந்த பிறகு கோவிலில் ஏழு கறிச் சாப்பாடு பரிமாறும்போது ஒரு பந்தி எழுந்ததும் இலையை எடுத்துவிட்டு அடுத்த பந்திக்குப் புது இலை போடுகிறோம் இல்லையா, அதுபோல. ஒரு இலையில் கறியை எந்த வரிசையில் வைத்தீர்கள் என்பது அடுத்த இலைக்குத் தெரியாது. ஆகவே மெமரியில் பட்டியலை எப்படிப் புரட்டிப் போட்டாலும் மூலக் கோப்புக்கு ஒன்றும் ஆகாது. தைரியமாக விளையாடலாம்.

தகவல் எல்லாம் ஒரே டேட்டாபேஸ் டேபிளில் இருந்தால் இந்த வேலையே வேண்டாம். ஆர்டர் பை என்று கேட்டால் டேட்டாபேஸே வரிசையாகக் கொடுத்துவிடும், அதற்கு அது நன்றாகத் தெரிந்த வேலை. எங்களிடம் இருந்தது அப்படி இல்லை. பெயர்ப் பதிவு ஒரு சிஎஸ்வி கோப்பு (கமா போட்டுப் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு), காணிக்கைக் கணக்கு இன்னொரு சிஎஸ்வி கோப்பு. இரண்டையும் படித்து, ஒரே ஆளின் வரிகளை ஒட்டி, ஒரே அரேயாக ஆக்கிய பிறகுதான் வரிசை என்ற பேச்சே வரும். மெமரியில் இடம் போதுமா என்று கவலைப்படாதீர்கள். பிஎச்பி வழக்கமாக ஒரு ஸ்கிரிப்டுக்கு 128 எம்பி வரை கொடுக்கும். நானூறு பெயர் அதில் ஒரு மூலைக்குக்கூடக் காணாது.

இரண்டு இரண்டு பேராக

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை உயரப்படி நிறுத்துவதைப் பார்த்திருப்பீர்கள். ஆசிரியர் யாரும் டேப் வைத்து அளப்பதில்லை. இரண்டு பிள்ளைகளை முதுகோடு முதுகு நிற்க வைத்து, "நீ முன்னால் போ, நீ பின்னால் வா" என்கிறார். அப்புறம் அடுத்த இரண்டு பேர். கம்ப்யூட்டரும் அதையேதான் செய்கிறது. எந்த இரண்டு பேரை எப்போது எதிரெதிரே நிறுத்துவது என்பதை அது பார்த்துக்கொள்ளும். அந்த இருவரில் யார் முன்னால் என்று சொல்வது உங்கள் பொறுப்பு.

அதைச் சொல்லும் ஃபங்ஷனைத்தான், பிஎச்பியில் அடுக்கும் வேலையைச் செய்கிற யூசார்ட்டுக்குக் கொடுக்கிறோம். அது ஒரு எண்ணைத் திருப்பித் தரவேண்டும்: முதல் ஆள் முன்னால் போக வேண்டும் என்றால் பூஜ்யத்துக்குக் கீழே, இரண்டாம் ஆள் முன்னால் என்றால் பூஜ்யத்துக்கு மேலே, இருவரும் சமம் என்றால் பூஜ்யம். பிஎச்பி 7 வந்த 2015-லிருந்து இதற்கு ஒரு குறியே இருக்கிறது. குறைவு, சமம், அதிகம் மூன்று குறியையும் ஒட்டினால் வரும் <=> என்பதுதான் அது. பக்கவாட்டில் பறக்கும் விண்கலம்போல இருப்பதால் அதற்கு ஸ்பேஸ்ஷிப் என்றே பெயர்.

யூசார்ட்($அடியார்கள், எஃப்என்($அ, $ஆ) => $அ['ஊர்'] <=> $ஆ['ஊர்']);

எஃப்என் என்று தொடங்குவதுதான் பதில் சொல்லும் அந்தச் சிறு ஃபங்ஷன், $அ-வும் $ஆ-வும் எதிரெதிரே நிற்கும் இருவர். அவ்வளவுதான். ஊர்ப்படி அடுக்கியாயிற்று. தலைகீழாக வேண்டும் என்றால் $அ-வையும் $ஆ-வையும் இடம் மாற்றி எழுதுங்கள்.

இந்த ஒரு வரியில் புதியவர்கள் வழுக்கி விழும் இடங்கள் மூன்று உண்டு. நான் மூன்றிலும் விழுந்திருக்கிறேன்.

யூசார்ட் புதிதாக ஒரு பட்டியலைத் தருவதில்லை. நீங்கள் கொடுத்த அரேயையே கலைத்து அடுக்கிவிட்டு, "ஆயிற்று" என்பதற்கு அடையாளமாக ட்ரூ என்று மட்டும் சொல்லும். இது தெரியாமல் $அடியார்கள் = யூசார்ட்($அடியார்கள், ...) என்று எழுதினால், அடுக்கி வைத்த பட்டியலைத் தூக்கிப் போட்டுவிட்டு அந்த ட்ரூவைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பீர்கள். அச்சிட்டுப் பார்த்தால் பக்கத்தில் 1 என்று ஓர் எண் மட்டும் தெரியும். நானூறு பேரும் எங்கே போனார்கள் என்று நான் அரை மணி நேரம் சிஎஸ்வி கோப்பைத் துழாவிக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது, <=> குறி பழகாதவர்கள் "பெரியதா?" என்று மட்டும் கேட்டு ட்ரூ, ஃபால்ஸ் திருப்பி அனுப்புவார்கள். அதில் "முன்னால்" என்ற பதிலுக்கு இடமே இல்லை. ஆமாம், இல்லை என்று இரண்டே பதில் சொல்லும் ஆளிடம் மூன்று பதில் வேண்டிய கேள்வியைக் கேட்டதுபோல. பிஎச்பி 8 இதற்கு எச்சரிக்கை காட்டும்.

மூன்றாவது கொஞ்சம் நயவஞ்சகமானது. எண்கள்தானே, கழித்துவிட்டால் போச்சு என்று முதல் தொகையிலிருந்து இரண்டாம் தொகையைக் கழித்து விடையை அப்படியே திருப்பி அனுப்புவது. முழு ரூபாயாக இருக்கும் வரை ஒழுங்காக நடக்கும். ஒருவர் 100.75, இன்னொருவர் 100.25 கொடுத்திருந்தால் வித்தியாசம் 0.5. யூசார்ட் அதை முழு எண்ணாக்கிப் பார்க்கும்போது அது பூஜ்யம், இருவரும் சமம் என்றாகிவிடும். உண்டியலைக் கவிழ்த்து எண்ணிய சில்லறை இருக்கும் பட்டியலில்தான் இது வெளியே தெரியும். கழிக்காதீர்கள், ஸ்பேஸ்ஷிப்பை வையுங்கள்.

யூசார்ட்டின் உறவினர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெறும் சார்ட் மதிப்புகளை அடுக்கும், ஏசார்ட் மதிப்பை அடுக்கினாலும் சாவியை (அரேயில் ஒவ்வொரு மதிப்புக்கும் உள்ள அடையாளத்தை) கூடவே வைத்திருக்கும், கேசார்ட் சாவிப்படி அடுக்கும். சார்ட்டும் யூசார்ட்டும் பழைய சாவிகளைத் தூக்கிவிட்டு 0, 1, 2 என்று புதிதாகப் போட்டுவிடும். உங்கள் அரேயின் சாவியே காவடி எண்ணாக இருந்தால் யூசார்ட் அதை அழித்துவிடும். அப்போது யூஏசார்ட்டைக் கூப்பிடுங்கள்.

காட்டுவதை அடுக்காதீர்கள்

காணிக்கை அதிகம் கொடுத்தவர் மேலே வரவேண்டும் என்று நிர்வாகக் குழுவில் ஒரு பெரியவர் கேட்டார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை, இருந்தாலும் செய்தேன். வந்த பட்டியல் இது:

ரூ 900
ரூ 500
ரூ 10,000
ரூ 1,000

பத்தாயிரம் கொடுத்தவர் ஐந்நூறு கொடுத்தவருக்குக் கீழே. "இது என்ன தம்பி, புது மாதிரிக் கணக்கா இருக்கே?" என்றார் பெரியவர்.

நடந்தது இதுதான். கோப்பைப் படிக்கும்போதே, பார்க்க அழகாக இருக்கட்டும் என்று தொகைக்கு முன்னால் "ரூ" சேர்த்து, நடுவில் கமா போட்டு அரேயில் வைத்துவிட்டேன். அப்போது அது எண் இல்லை, எழுத்து. எழுத்தை பிஎச்பி இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகத்தான் ஒப்பிடும். "ரூ" இரண்டிலும் ஒன்று, இடைவெளியும் ஒன்று, அடுத்தது 9, 5, 1, 1. ஒன்பதுதான் பெரியது, முடிந்தது கணக்கு. பின்னால் எத்தனை பூஜ்யம் இருக்கிறது என்று அது எட்டிக்கூடப் பார்க்காது.

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயம் மனதில் நிற்கட்டும் என்றால் அது இதுதான். அடுக்குவதற்கு ஒரு மதிப்பு, காட்டுவதற்கு ஒரு மதிப்பு. இரண்டும் ஒரே ஆளைப் பற்றியதுதான், ஆனால் ஒன்றல்ல. அரேயில் 10000 என்ற வெறும் எண்ணை வையுங்கள். அதை வைத்து அடுக்குங்கள். ரூ, கமா எல்லாம் கடைசியில், ஒவ்வோர் ஆளாக எடுத்து அச்சிடும் லூப்புக்குள், அச்சிடும் அந்த வரியில் போட்டுக்கொள்ளுங்கள், கமா போடுவதற்கு நம்பர் ஃபார்மாட் என்ற ஃபங்ஷன் இருக்கிறது.

தேதியில் இது இன்னும் மோசம். நான்கு வருடத் தைப்பூச நாட்களை இங்கே நாம் எழுதுகிற மாதிரி நாள், மாதம், ஆண்டு என்று எழுதி சார்ட் செய்தால் வருவது:

11/02/2025
18/01/2022
25/01/2024
28/01/2021

நாளைப் பார்த்து அடுக்கியிருக்கிறது, ஆண்டைக் கண்டுகொள்ளவே இல்லை. அதையே 2021-01-28, 2022-01-18 என்று ஆண்டை முன்னால் போட்டு, ஒற்றை இலக்கத்துக்கு முன் பூஜ்யம் வைத்து எழுதினால் எழுத்தாக ஒப்பிட்டாலும் வரிசை சரியாக வரும். உலகம் முழுக்கப் பதிவேடுகளில் அந்த வடிவத்தைப் பிடித்துக்கொண்டிருப்பதற்கு இந்தச் சௌகரியமும் ஒரு காரணம். பக்கத்தில் காட்டும்போது நம் வழக்கப்படி நாளை முன்னால் போட்டுக் காட்டுங்கள்.

இன்னொன்று. சிஎஸ்வியில் தேதி தாறுமாறான வடிவத்தில் வந்தால் அதைச் சீர்செய்யும் வேலையை ஒப்பிடும் ஃபங்ஷனுக்குள் வைக்காதீர்கள். நானூறு பேரை அடுக்க ஏறக்குறைய மூவாயிரத்து ஐந்நூறு தடவை "யார் முன்னால்?" என்ற கேள்வி எழும். ஒவ்வொரு தடவையும் இரண்டு தேதியைப் பிரித்து ஆராய்ந்தால் ஏழாயிரம் தடவை அதே வேலை. கோப்பைப் படிக்கும்போதே ஒருமுறை செய்து அரேயில் தனிப் பெட்டியில் வைத்துவிட்டால் நானூறோடு முடிந்தது.

ஊருக்குள் பெயர்

அடுத்து வந்த கோரிக்கை: ஊர்ப்படி பிரிக்க வேண்டும், ஒவ்வொரு ஊருக்குள்ளும் பெயர் அகர வரிசையில் இருக்க வேண்டும். ரோஸ் ஹில்காரர்கள் ஒன்றாக, வகோவாகாரர்கள் ஒன்றாக.

நான் முதலில் பெயர்ப்படி அடுக்கினேன். அதன்மேல் ஊர்ப்படி அடுக்கினேன். ஒரே ஊர்க்காரர்கள் சமம் என்பதால் ஏற்கெனவே இருந்த பெயர் வரிசை கலையாமல் இருக்கும் என்று நினைத்தேன். பன்னிரண்டு பெயர் போட்டுச் சோதித்தேன், அச்சுப் பிசகாமல் வந்தது. முழுப் பட்டியலை ஏற்றியதும் ஊர்கள் சரி, உள்ளே பெயர்கள் சிதறிக் கிடந்தன.

காரணம் தெரிந்தபோது சிரிப்பு வந்துவிட்டது. அந்த சர்வரில் ஓடியது பிஎச்பி 7. அதில் பதினாறு உருப்படிக்குள் இருந்தால் ஒரு முறை, அதற்கு மேல் போனால் வேறு முறை. சின்னப் பட்டியலுக்கான முறை சமமானவர்களை வந்த வரிசையிலேயே விடும். பெரிய பட்டியலுக்கான முறைக்கு அந்த உத்தரவாதம் இல்லை. என் பன்னிரண்டு பெயர்ச் சோதனை என்னை நன்றாக ஏமாற்றிவிட்டது. 2020 நவம்பரில் வந்த பிஎச்பி 8.0-லிருந்து எத்தனை பேர் இருந்தாலும் சமமானவர்கள் இடம் மாற மாட்டார்கள்.

இருந்தாலும் இப்படி இரண்டு தடவை அடுக்குவதை நான் இப்போது செய்வதில்லை. என்ன வேண்டுமோ அதை ஒரே கேள்வியாகக் கேட்டுவிடலாம்:

[$அ['ஊர்'], $அ['பெயர்']] <=> [$ஆ['ஊர்'], $ஆ['பெயர்']]

இரண்டு சிறு அரேக்களை எதிரெதிரே வைத்தால் பிஎச்பி முதல் உருப்படியைப் பார்க்கும், அது சமமானால்தான் இரண்டாவதுக்குப் போகும். ஆறு மாதம் கழித்துப் படிப்பவருக்கும், அது நீங்களாகவே இருந்தாலும், நோக்கம் வெளிச்சமாகத் தெரியும்.

எழுத்துகளின் சண்டை

இதுவரை சொன்னது எந்த ஊர்ப் பட்டியலுக்கும் பொருந்தும். இனி வருவது நம் பாடு.

எங்கள் பட்டியலில் பெயர் இரண்டு விதமாக இருக்கிறது. பதிவேட்டில் உள்ள மாதிரி பிரெஞ்சு எழுத்தில் ஒன்று, தமிழில் ஒன்று. முதலில் பிரெஞ்சு எழுத்து. கம்ப்யூட்டருக்கு எழுத்து என்பது ஓர் எண். பெரிய எழுத்துகள் 65 முதல் 90 வரை, சிறிய எழுத்துகள் 97 முதல் 122 வரை. குடும்பப் பெயரை முழுக்கப் பெரிய எழுத்தில் போட்டவர்கள் எல்லோரும் முன்னால் வந்துவிடுவார்கள், சோம்பலில் சிறிய எழுத்தில் அடித்தவர்கள் பெரிய எழுத்தின் கடைசி ஆளுக்கும் பின்னால் போய்விடுவார்கள். இதைச் சமாளிப்பது எளிது. மேலே கோடு போட்ட பிரெஞ்சு எழுத்துதான் சங்கடம். ஃப்ளாக் மாவட்டத்தில் எக்ரோன்யார் என்று ஓர் ஊர் இருக்கிறது. சிலர் முதல் எழுத்தின் தலையில் கோடு போட்டும், சிலர் போடாமலும் பதிந்திருந்தார்கள். கோடு போட்ட எழுத்து, எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் யூடிஎஃப் 8 முறையில், 195 என்ற எண்ணில் தொடங்குகிறது. அது எல்லா ஆங்கில எழுத்தையும் தாண்டிய எண். விளைவு, ஒரே ஊர்க்காரர்களில் பாதிப் பேர் பட்டியலின் மேல் பகுதியில், மீதிப் பேர் வகோவாவுக்கும் பின்னால் கடைசியில்.

தமிழ் இன்னும் சுவாரசியம். இந்த நான்கு பெயர்களைப் பாருங்கள்: வள்ளி, வனஜா, வடிவேல், வசந்தா. கையில் எழுதச் சொன்னால் நாம் வசந்தா, வடிவேல், வள்ளி, வனஜா என்று எழுதுவோம். ச, ட, ள, ன. பள்ளியில் பாடமாகப் படித்த வரிசை, ன-தான் கடைசி மெய். வெறும் சார்ட் தருவது வசந்தா, வடிவேல், வனஜா, வள்ளி. உலக மொழிகளின் எழுத்துக்கெல்லாம் எண் கொடுக்கும் யூனிகோடு அட்டவணையில் ன-வை ந-வுக்குப் பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறார்கள், அதனால் ன முந்திக்கொள்கிறது. அதேபோல ற போய் ர-வுக்கு அடுத்த இடத்தில் இருக்கிறது, ஜ போய் ச-வுக்கு அடுத்த இடத்தில் இருக்கிறது. இந்திய எழுத்துகள் எல்லாவற்றுக்கும் ஒரே அச்சில் வார்த்த இஸ்கி என்ற பழைய இந்திய அட்டவணையிலிருந்து யூனிகோடு எடுத்துக்கொண்ட ஏற்பாடு இது. தேவநாகரிக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையை நமக்கும் மாட்டிவிட்டார்கள் என்று எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. நோட்டு விஷயத்தில் எழுந்த சத்தத்தில் பத்தில் ஒரு பங்குகூட இதற்கு எழவில்லை.

புள்ளியும் ஒரு பிரச்சினை. நம் அகராதிகளில் த் முதலில், அப்புறம்தான் த, தா. ஆகவே பத்மா முன்னால், பதஞ்சலி பின்னால். யூனிகோடில் புள்ளி என்பது எழுத்துக்குப் பின்னால் தனியாக வரும் குறி, அதன் எண் பெரியது. வெறும் சார்ட் பதஞ்சலியை முன்னால் அனுப்பிவிடும்.

இதற்கெல்லாம் மருந்து கொலேட்டர், அந்தந்த மொழியின் அகர வரிசை தெரிந்த ஒரு கருவி. பிஎச்பியின் ஐஎன்டிஎல் எக்ஸ்டென்ஷன் என்ற கூடுதல் பகுதியோடு வருகிறது. சர்வரில் அது இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள், சில இடங்களில் தனியாகப் போட வேண்டியிருக்கும். எந்த மொழி என்று சொல்லி ஒரு கொலேட்டரை உருவாக்கிக்கொண்டால், அதன் கம்பேர் என்ற மெத்தடு ஸ்பேஸ்ஷிப் செய்கிற வேலையை அந்த மொழியின் வரிசை அறிந்து செய்யும். தமிழ்ப் பெயர்களுக்கு ஒரு கொலேட்டர், பிரெஞ்சு எழுத்துப் பெயர்களுக்கும் ஊர்களுக்கும் இன்னொன்று. எவ்வளவு நுணுக்கமாக ஒப்பிட வேண்டும் என்று சொல்வது ஸ்ட்ரெங்த். பிரெஞ்சுக் கொலேட்டரில் அதை பிரைமரி என்று வைத்தேன். அப்போது கோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் எக்ரோன்யார் ஒரே ஊர்தான், பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் ஒன்றுதான். உடனே எக்ரோன்யார்காரர்கள் ஒன்று கூடிவிட்டார்கள். தமிழுக்கு வள்ளி, வனஜா, பத்மா, பதஞ்சலி என்ற நான்கு பெயரைச் சோதனைப் பட்டியலில் எப்போதும் வைத்திருங்கள். சர்வர் மாறினால் முதலில் இந்த நால்வரை ஓட்டிப் பாருங்கள்.

ஒரே குடும்பத்தில் அண்ணன் பெயரை ஒரு மாதிரியும் தம்பி பெயரை வேறு மாதிரியும் பிரெஞ்சு எழுத்தில் பதிந்து வைத்திருக்கிற கதை இந்தத் தீவில் வீட்டுக்கு வீடு உண்டு. அதைச் சேர்த்து வைக்க எந்தக் கொலேட்டராலும் ஆகாது.

பக்கத்துக்கு வருதல்

அடுக்கியாயிற்று, இனி காட்ட வேண்டும். ஃபோர்ஈச் என்ற லூப் போட்டு ஒவ்வோர் ஆளாக எடுத்து டேபிள் வரியாக எழுதுவது பெரிய காரியம் இல்லை. இருந்தாலும் சில இடங்களில் கவனம் வேண்டும்.

நானூறு வரியை ஒரே பக்கத்தில் கொட்டாமல் 25, 25 ஆகப் பிரித்தேன். முதலில் அரே ஸ்லைஸ் போட்டு 25 பேரை வெட்டி எடுத்து, அந்த 25 பேரை அடுக்கினேன். ஒவ்வொரு பக்கமும் தனித்தனியே அழகான வரிசை, சேர்த்துப் பார்த்தால் குப்பை. முழுசையும் அடுக்கிவிட்டு அப்புறம்தான் வெட்ட வேண்டும்.

டேபிளின் தலைப்பைத் தொட்டால் அதன் கீழுள்ள பத்தியின்படி (காலம்படி) அடுக்கும் வசதியும் வைத்தேன். எந்தப் பத்தி என்பது முகவரியில் ஒரு சொல்லாக வரும். அந்தச் சொல்லை அப்படியே எடுத்து அரேயின் சாவியாகப் பயன்படுத்தாதீர்கள். முகவரியில் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் அடிக்கலாம். பெயர், ஊர், தேதி என்று நீங்கள் அனுமதிக்கும் சொற்களை ஒரு சிறு அரேயில் வைத்துக்கொண்டு, வந்தது அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பெயர்ப்படி அடுக்கிவிடுங்கள். காணிக்கைத் தொகையை அந்த அனுமதிப் பட்டியலிலிருந்து நான் கடைசியில் எடுத்துவிட்டேன், பெரியவரும் அப்புறம் கேட்கவில்லை.

அச்சிடும் ஒவ்வொரு சொல்லையும் எச்டிஎம்எல் ஸ்பெஷல் சார்ஸ் என்ற ஃபங்ஷன் வழியாக அனுப்புங்கள், எச்டிஎம்எல் தன் குறியாக எடுத்துக்கொள்ளும் எழுத்துகளை அது பாதிப்பில்லாத வடிவத்துக்கு மாற்றிவிடும். யாரோ வேண்டுமென்றே விஷமம் செய்வார்கள் என்பதற்காக மட்டும் இல்லை. டெப்பினே என்று ஓர் ஊர், அதன் பெயரிலேயே ஓர் ஒற்றை மேற்கோள் குறி இருக்கிறது. அதை எச்டிஎம்எல்லில் ஒற்றை மேற்கோளுக்குள் வைத்த இடத்தில் பெயர் பாதியில் அறுந்து டேபிளே கோணலாகிவிட்டது. பிஎச்பி 8.1-லிருந்து இந்த ஃபங்ஷன் ஒற்றை மேற்கோளையும் தானாகவே மாற்றிவிடுகிறது. அதற்கு முந்தைய பதிப்பில் தனியாகச் சொல்ல வேண்டும்.

ஊரைப் பதியாமல் விட்டவர்கள் சிலர். காலி எழுத்து எல்லா எழுத்துக்கும் முன்னால் வரும் என்பதால் ஊர்ப்படி அடுக்கினால் அவர்கள்தான் தலைமாட்டில் நிற்பார்கள். ஒப்பிடும் அரேயில் முதல் உருப்படியாக "ஊர் காலியா?" என்பதை வைத்தால் அவர்கள் கடைசிக்குப் போய்விடுவார்கள், ஃபால்ஸ் முன்னால், ட்ரூ பின்னால்.

இனி அந்த முதல் நாள் போன். பால்குடம் எடுக்கும் ஒரு பெரியம்மா. "தம்பி, காலையில எனக்கு 7-ஆம் நம்பர் குடுத்தீங்க. இப்போ பாத்தா 31-ன்னு போட்டிருக்கு. யாரு மாத்துனா?" யாரும் மாற்றவில்லை. அவர் பேத்தி ஊர் என்ற தலைப்பைத் தொட்டிருக்கிறாள், பட்டியல் ஊர்ப்படி மாறியிருக்கிறது. டேபிளின் முதல் பத்தியில் நான் போட்டிருந்தது வெறும் வரி எண். லூப் ஓடும்போது 1, 2, 3 என்று எண்ணி அச்சிட்டது. அதைப் பெரியம்மா தன் எண் என்று எடுத்துக்கொண்டார். பெயருக்கு முன்னால் எண் இருந்தால் அது அந்த ஆளின் எண் என்றுதானே யாரும் நினைப்பார்கள்?

லூப்பில் எண்ணிய பத்தியை அன்றைக்கே எடுத்துவிட்டேன். பதிவின்போது கொடுத்த எண் சிஎஸ்வியிலேயே ஒரு பெட்டியில் இருந்தது, அதை அந்த இடத்தில் போட்டேன். பெரியம்மாவுக்கு 112. பேத்தி இப்போது எந்தத் தலைப்பைத் தொட்டாலும் அவர் வரி மேலும் கீழும் போகிறது, 112 அவர் கூடவே போகிறது.